ஜான் போனம்: வேலூர்ப் பக்கத்து டிரம்ஸ் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் ஒரு மாடி அறையில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பிள்ளைகள். மீதிப் பேர் கல்லூரி மாணவர்களும், கல்யாண மேடைகளில் மெல்லிசைக் கச்சேரிக்குப் போகிறவர்களும். அறைச் சுவரில் ஒரே ஒரு வாத்தியக்காரரின் படம் மட்டும் மாட்டியிருப்பதால், அவரைப் பற்றிய கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருகின்றன. அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுவரில் இருக்கும் இவர் யார்?

ஜான் போனம். லெட் செப்பலின் என்ற ஆங்கிலேய ஹார்ட் ராக் குழுவின் டிரம்மர். 1948 மே 31 அன்று இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள ரெடிச் என்ற ஊரில் பிறந்து, 1980 செப்டம்பர் 25 அன்று 32-ஆம் வயதில் இறந்தார். குழுவில் அவர் வாசித்தது 12 ஆண்டுகள்தான். அந்த 12 ஆண்டுகளுக்குள் வெளிவந்த எட்டு இசைத்தட்டுகளைக் கேட்காமல் இன்று உலகில் எவரும் ராக் டிரம்ஸ் கற்பதில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

பெயரை எப்படிச் சொல்வது?

எழுத்தைப் பார்த்து ‘போன்ஹாம்’ என்று பலர் சொல்கிறார்கள். அவருடைய ஊரில் அந்த ‘ஹ’ ஒலிப்பதில்லை. ‘போனம்’ என்றுதான் சொல்வார்கள். நண்பர்களுக்கு அவர் ‘போன்ஸோ’.

ஹார்ட் ராக் என்றால் சத்தமாக வாசிப்பதுதானா?

சத்தம் அதன் அடையாளங்களில் ஒன்று, சாரம் அதுவன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை எடுத்து, மின்கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைத்து, ஒரே சுரத்தொடரைத் திரும்பத் திரும்ப அழுத்தமாக வாசித்து, அதன்மேல் பாடலைக் கட்டுவதுதான் 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ஹார்ட் ராக். அப்படிக் கட்டும்போது டிரம்ஸ் வெறும் காலப்பிரமாணத்தைச் சொல்லும் துணைவாத்தியமாக இருக்க முடியாது. கிட்டார் எவ்வளவு கனமாக நிற்கிறதோ அவ்வளவு கனமாக அதுவும் நிற்க வேண்டும். கிட்டார் ஜிம்மி பேஜ், குரல் ராபர்ட் பிளான்ட், பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ் என்றிருந்த அந்த நால்வர் குழுவில் நான்காமவர் மற்ற மூவருக்கும் சமமாக ஒலித்தார்.

அவர் யாரிடம் கற்றார்?

முறையாக எவரிடமும் கற்கவில்லை. ஐந்து வயதில் காபி டப்பாக்களையும் குளியல் உப்பு வைக்கும் டப்பாவையும் கவிழ்த்துப் போட்டு, ஸ்னேர் டிரம்மின் (அடித்தோலில் கம்பிகள் கட்டிய சிறு டிரம்) கரகரப்பு வரவேண்டும் என்பதற்காக அதில் கம்பியைக் கட்டி வாசித்திருக்கிறார். இந்தச் செய்தியைப் படித்தபோது என்னைத் தொட்டது அந்தக் கம்பிதான். டப்பாவைத் தட்டாத குழந்தை எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் தட்டிய ஒலியில் ஏதோ ஒன்று குறைகிறது என்று உணர்ந்து, அது என்னவென்று தேடி, கம்பியைக் கொண்டுவந்து கட்டும் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காது ஏற்கெனவே திறந்துவிட்டது என்று பொருள்.

பத்து வயதில் தாயார் ஒரு ஸ்னேர் டிரம் வாங்கிக் கொடுத்தார். பதினைந்தில் தந்தை முழு டிரம்ஸ் செட் ஒன்றை வாங்கித் தந்தார். ஜீன் க்ரூபா, பட்டி ரிச், மேக்ஸ் ரோச் ஆகிய ஜாஸ் டிரம்மர்கள் அவருடைய ஆதர்சங்கள். ஹார்ட் ராக் வாசித்தவரின் கையில் ஜாஸ் இருந்தது என்பதை என் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையும் அவருக்கு மிகவும் பிடிக்கும். ஜோன்ஸும் அவரும் சந்தித்த மாத்திரத்தில் ஒன்றுபட்டதற்கு அதுவே முக்கியக் காரணம்.

குரு இல்லாமல் கற்றுவிடலாம் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்வேன். நாள்தோறும் மூத்த வாத்தியக்காரர்களைத் தேடிப்போய்க் கேட்டு, பார்த்து, கேள்வி கேட்டுத்தான் அவர் வளர்ந்தார். அதுவும் ஒருவகைக் குருகுலமே.

டிரம்ஸ் தவிர வேறு வேலை செய்தாரா?

செய்தார். 1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டட வேலை செய்துவந்த தந்தையிடம் தச்சுத் தொழில் பழகினார். பகலில் உளி, இரவில் உள்ளூர்க் குழுக்களில் குச்சி. இளம் வயதிலேயே பாட் பிலிப்ஸ் என்ற பெண்ணை மணந்து, 15 அடி நீளமுள்ள ஒரு வாகன வீட்டில் குடித்தனம் நடத்தினார். கல்யாணம் ஆனால் டிரம்ஸை விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்ததையும், ஆனால் ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பியதும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டதையும் அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைக் கேட்கும்போது, பகலில் ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்கு என் அறைக்கு வரும் ஒரு மாணவர் மட்டும் ஒன்றும் பேசாமல் தலையசைப்பார்.

லெட் செப்பலினில் எப்படிச் சேர்ந்தார்?

பிளான்ட்டும் அவரும் ஏற்கெனவே பழகியவர்கள். ‘கிராலிங் கிங் ஸ்னேக்ஸ்’, ‘பேண்ட் ஆஃப் ஜாய்’ என்ற குழுக்களில் சேர்ந்து வாசித்தவர்கள். 1968-இல் ஜிம்மி பேஜ் புதுக் குழுவுக்கு ஆள் தேடியபோது பிளான்ட் இவர் பெயரைச் சொன்னார். அப்போது போனம் டிம் ரோஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் குழுவில் நிலையான வாரச் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பாடகர்கள் ஜோ காக்கரும் கிறிஸ் ஃபார்லோவும் வேறு அழைத்திருந்தார்கள். சிறு குழந்தையோடு இருக்கும் ஒருவர் நிச்சயமான வருமானத்தை விட்டுவிட்டு இன்னும் பெயர்கூட வைக்காத குழுவுக்கு வருவாரா? தயங்கினார். அவர் வழக்கமாகச் செல்லும் மதுக்கடையின் முகவரிக்குப் பிளான்ட்டும், மேலாளர் பீட்டர் கிராண்டும் தந்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இறுதியில் இசைந்ததற்கு அவர் கூறிய காரணம், மற்றவர்களின் இசையைவிட இந்த இசை தமக்குப் பிடித்திருந்தது என்பதே.

1968 ஆகஸ்டில் லண்டனின் ஜெரார்ட் தெருவில் ஒரு நிலவறையில் நால்வரும் முதன்முதலாக ஒன்றாக வாசித்தார்கள். செப்டம்பர் 7 அன்று டென்மார்க்கில் முதல் கச்சேரி. 1969 ஜனவரியில் முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது.

இரண்டு பேஸ் டிரம் வைத்து வாசித்தாரா?

பேஸ் டிரம் என்பது காலால் பெடலை மிதித்து வாசிக்கும் பெரிய டிரம். லெட் செப்பலின் பதிவுகளில் கேட்பது ஒற்றைப் பெடலில் ஒற்றைக் கால். முதல் இசைத்தட்டின் முதல் பாடலான ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ வெளிவந்தபோது, இரண்டு பேஸ் டிரம் இல்லாமல் இது முடியாது என்று வாத்தியக்காரர்களே எண்ணினார்கள். நம் கணக்கில் சொன்னால் அது திஸ்ரம்: ‘தகிட’ என்ற மூன்றில் முதல் எழுத்தைக் காலுக்குக் கொடுக்காமல் விட்டு, அடுத்த ‘கிட’ இரண்டையும் வலது காலால் விரைவாக இரட்டித்து மிதிக்கிறார். கேட்கும்போது எளிது, மிதிக்கும்போது முழங்காலுக்குக் கீழே தீப்பிடித்தது போலிருக்கும். மெதுவாகத் தொடங்குங்கள். முழுக்காலையும் தூக்கி மிதிக்காமல், பாதத்தைச் சற்றே முன்னோக்கி வழுக்கி இரண்டாவது அடியை எடுக்கப் பழகுங்கள். ஆறு மாதம் ஆகலாம். தையல் இயந்திரம் மிதிக்கும் அம்மாவைப் பார்த்துக் கணுக்காலின் அசைவைக் கற்ற ஒரு மாணவி என்னிடம் இருந்தாள். அவளுக்கு இரண்டே மாதத்தில் வந்துவிட்டது.

அவ்வளவு பலமாக அடித்தால்தான் அந்த ஒலி வருமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. மிக அதிகமாகத் தீங்கு செய்திருக்கும் எண்ணமும் இதுவே. பத்தொன்பது வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். தேவாலயத்தில் இரவல் கேட்டு வாங்கிய டிரம்ஸை என்னால் முடிந்த அளவு ஓங்கி அடித்து, பேஸ் டிரம்மின் தோலைக் கிழித்து, வலது மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் குச்சியைத் தொட முடியாமல் கிடந்தேன். அவ்வளவு அடித்தும் பதிவில் கேட்ட ஒலியின் சாயல்கூட வரவில்லை.

போனம் வலுவானவர், ஓங்கியும் அடிப்பார் என்பது உண்மை. ஆனால் அவருடைய பதிவுகளைக் காதில் ஹெட்போனோடு பொறுமையாகக் கேட்டால், இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரில் கிசுகிசுப்பது போல எத்தனையோ சிறிய தட்டுகள் இருப்பது தெரியும். அந்தச் சிறியவை இருப்பதால்தான் பெரியவை பெரியவையாகக் கேட்கின்றன. எல்லாவற்றையும் ஓங்கி அடிப்பவனிடம் பெரிய அடி என்று ஒன்று இருக்கவே முடியாது. மேலும், குச்சி தோலில் பட்ட கணத்தில் அதை விட்டு விலகிவிட வேண்டும். அழுத்தி நிறுத்தினால் ஒலி அங்கேயே செத்துப்போகும். இதை நம் ஊரில் புதிதாகக் கற்றுக்கொடுக்கத் தேவையே இல்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய், கூட்டத்தில் பம்பைக்காரருக்கு அருகே நின்று அவர் கையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மணிக்கணக்காக வாசிக்கிறார், கை வீங்குவதில்லை. குச்சி பட்டதும் பறந்துவிடுகிறது. முழுத் தெருவும் அதிர்கிறது.

மூன்றாவது, அவர் தாளத்தில் அடியை வைக்கும் இடம். ஸ்னேர் அடி விழவேண்டிய கணத்தில் அவசரப்படாமல், மயிரிழை பின்னால் சாய்ந்தாற்போல் வைப்பார். அந்தச் சிறு தாமதம்தான் கேட்பவருக்குக் கனமாகப் படுகிறது. எடை போட்டு அடிப்பதால் வரும் கனம் வேறு. காத்திருந்து அடிப்பதால் வரும் கனம் வேறு.

எந்த டிரம்ஸ் வைத்திருந்தார்?

லுட்விக் நிறுவனத்தின் டிரம்ஸ். முதல் அமெரிக்கப் பயணத்தின்போது ‘வனில்லா ஃபட்ஜ்’ குழுவின் டிரம்மர் கார்மைன் அப்பீஸ் அவரை அந்த நிறுவனத்துக்கு அறிமுகம் செய்தார். பேஸ் டிரம் 26 அங்குலம். நம் மெல்லிசைக் குழுக்களில் இருப்பவை பெரும்பாலும் 22 அங்குலம். ஸ்னேர் உலோக உடல் கொண்ட சுப்ராபோனிக், ஆறரை அங்குல ஆழம். 1973-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரிகளில் தேன்நிறத்தில் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் டிரம்ஸ் வைத்திருந்தார். சுவரில் இருக்கும் படம் அந்தக் காலத்தது.

இதைவிட முக்கியமானது சுதி. பெரிய டிரம் என்றால் தளர்வாகக் கட்டிப் ‘பொத்’ என்று ஒலிக்கவிட வேண்டும் என்று நினைக்கிறோம். அவர் இரண்டு பக்கத் தோலையும் இறுக்கிக் கட்டி, உள்ளே தலையணை திணித்து ஒலியை அடக்காமல், பாத்திரம் முழுவதும் பாட விடுவார். தவில் வாசிப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அவர் மிதித்த ஸ்பீட் கிங் பெடலுக்கு எண்ணெய் போதவில்லை போலும். 1970-இல் வெளிவந்த ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ பாடலில் அதன் கிரீச்சொலி பதிவாகியிருக்கிறது. எவரும் அதை நீக்கவில்லை. எனக்கு அந்தக் கிரீச்சொலி அவர் அறையில் இருப்பதற்குச் சாட்சி.

மாடிப்படிக்குக் கீழே வைத்து வாசித்த கதை உண்மையா?

உண்மை. நான் இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குவேன்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. 1795-இல் ஏழைகளுக்கான இல்லமாகக் கட்டப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிப்பதைவிட ஒரு வீட்டில் தங்கி வாசிப்பது மேல் என்று எண்ணி, குழுவினர் அங்கே போய், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வாகனத்தை வெளியே நிறுத்தினார்கள். ‘வென் த லெவி பிரேக்ஸ்’ என்ற பாடலுக்கு, உயர்ந்த கூரையுள்ள முன்கூடத்தில், மாடிப்படிகளின் அடியில் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ், ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, மேல்மாடியின் கைப்பிடியிலிருந்து பேயர் எம்160 வகை மைக் இரண்டை மட்டும் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். அந்த ஒலியை அழுத்திச் சமப்படுத்தும் கருவி வழியாகவும், பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாகவும் செலுத்தினார்கள். நிமிடத்துக்கு 70 தட்டுகளை ஒட்டிய மெதுவான நடை. மெதுவாக இருப்பதால், ஒவ்வோர் அடியும் சுவரைத் தொட்டுத் திரும்பிவர நேரம் கிடைக்கிறது.

1971 நவம்பரில் வெளிவந்த அந்தப் பாடலின் முதல் சில நொடிகள் உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட டிரம்ஸ் ஒலிகளுள் ஒன்று. 1986-இல் பீஸ்டி பாய்ஸ் அதைத் தங்கள் ராப் பாடலில் வெட்டிச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர்.

மாணவர்களை நான் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போவதும் இதற்காகத்தான். கோட்டை வாசலுக்கு வெளியே நின்று ஒருமுறை கைதட்டச் சொல்வேன். பிறகு கூட்டமில்லாத வேளையில் உள்ளே கல் மண்டபத்தின் ஓரமாக நின்று, எவருக்கும் இடையூறு இல்லாமல் அதே கையை அதே விசையில் மெல்லத் தட்டச் சொல்வேன். கை ஒன்றுதான், ஒலி இரண்டு. எவ்வளவு பலமாக அடித்தால் அந்த ஒலி வரும் என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பதிவில் நாம் கேட்பது தோலும் மரமும் அறையும் சேர்ந்து பேசுவதை. போனம் அந்த அறைக்குக் காது கொடுத்து, அதற்கு எவ்வளவு இடம் விட வேண்டுமோ அவ்வளவு விட்டு வாசித்தார்.

கர்நாடகத் தாளம் தெரிந்தால் இவரைப் புரிந்துகொள்ள உதவுமா?

நிறையவே உதவும். 1975-இல் வந்த ‘காஷ்மீர்’ பாடலில் கிட்டாரும் பிற வாத்தியங்களும் மூன்று மூன்றாக ஏறிச் செல்லும்போது டிரம்ஸ் அசையாமல் நான்கு நான்காக நிற்கும். ‘தகிட’வும் ‘தகதிமி’யும் 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை சந்திக்கின்றன. மிருதங்கம் படித்த பிள்ளை இதை ஒரே தடவையில் கையில் போட்டுக் காட்டிவிடும். பெயரைப் பார்த்து நம் காஷ்மீரோடு முடிச்சுப் போட வேண்டாம். பிளான்ட்டுக்கு அந்த வரிகள் பிறந்தது மொராக்கோவின் பாலைநிலச் சாலையில். இந்தப் பாடலில் போனமின் பெருமை அவர் செய்யாமல் விட்டவற்றில் இருக்கிறது: எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாடலில், அலங்காரம் செய்ய ஆயிரம் இடம் இருந்தும், தாளத்தைத் தூண் போல நிறுத்தியிருக்கிறார்.

‘ராக் அண்ட் ரோல்’ பாடலின் தொடக்கத்தில் எண்ணிக்கை தவறிப்போவதாக எல்லோரும் சொல்வார்கள். அது சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணில், தொடங்கவில்லை. மூன்றாம் எண்ணுக்கும் நான்காம் எண்ணுக்கும் நடுவே எடுக்கிறது. எடுப்பு (தாளத்தில் பாடல் தொடங்கும் இடம்) என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு இதில் திகைப்பு இல்லை. லிட்டில் ரிச்சர்டின் பழைய பாடல் ஒன்றின் டிரம்ஸ் தொடக்கத்தைப் போனம் ஓய்வாக வாசிக்கப்போய், அதிலிருந்து இந்தப் பாடல் பிறந்தது. அப்போது அவர்கள் பதிவுசெய்ய முயன்று வராமல் திணறிக்கொண்டிருந்தது ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’. ஐந்தும் ஆறுமாக மாறி மாறி வரும் அந்தப் பாடலைப் பின்னர் கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளைப் பிடித்து வாசித்து முடித்தார். பெயரும் அதனால் வந்ததே.

தனி ஆவர்த்தனம் வாசிப்பாரா?

வாசிப்பார். ‘மோபி டிக்’ என்ற உருப்படி அதற்கென்றே இருந்தது. இசைத்தட்டில் சில நிமிடங்கள்தான். மேடையில் இருபது நிமிடத்தைத் தாண்டும், சில இரவுகளில் அரைமணி நேரம். நடுவில் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வெறும் கைகளால் வாசிப்பார். மற்ற மூவரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள்.

இந்தியாவுக்கு வந்தாரா?

குழுவாக அவர்கள் இங்கே கச்சேரி செய்ததில்லை. பேஜும் பிளான்ட்டும் 1972-இல் பம்பாயில் நம் வாத்தியக்காரர்களோடு ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’ இரண்டையும் பதிவு செய்து பார்த்தார்கள். போனம் அதில் இல்லை. ஃபோர் ஸ்டிக்ஸுக்கு அங்கே தபலா வாசித்திருக்கிறார்கள். அதன் எதிரே அவர் அமர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

குடித்தால் கை இளகி நன்றாக வாசிக்கும் என்கிறார்களே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் பதினாறு வயதுப் பையனும் உண்டு. எனவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1980 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கான ஒத்திகைக்குப் புறப்பட்ட போனம், காலை உணவு நேரத்திலேயே வோட்கா குடிக்கத் தொடங்கினார். ஒத்திகையிலும் நிறுத்தவில்லை, இரவு வின்ஸரில் பேஜின் வீட்டிலும் தொடர்ந்தார். ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 40 சிறு கோப்பை வோட்கா. நினைவிழந்தவரைப் படுக்கையில் கிடத்தினார்கள். மறுநாள் பிற்பகல் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. தூக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்திருந்தது. விசாரணை அதை விபத்து மரணம் என்று பதிந்தது.

அவர் நன்றாக வாசித்தது குடியால் அன்று; குடியையும் மீறி. அந்த ஆண்டிலேயே உடல் ஒருமுறை கைகொடுக்கவில்லை: 1980 ஜூன் 27 அன்று ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் மூன்றாவது பாடலோடு மேடையிலேயே சரிந்து, கச்சேரி அங்கேயே நின்றுபோனது. அவர் விமானப் பயணத்துக்கு அஞ்சியவர். பண்ணையையும் மாடுகளையும் குழந்தைகளையும் பிரிந்து மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுவதை வெறுத்தவர். அந்த ஏக்கத்தைப் போக்கக் குடித்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் எனக்கு மூத்த டிரம்மர் ஒருவர் இருந்தார். எனக்கு முதன்முதலில் ஷஃபிள் என்ற துள்ளல் நடையைத் தொடையில் தட்டிக் காட்டிக் கற்றுத்தந்தவர். ஆரணியில் ஒரு கச்சேரிக்குப் போகும் வேனில் குடித்துவிட்டு வந்த இரவில் அவரால் ஒரு பல்லவியைக்கூட நேர்க்கோட்டில் வாசிக்க முடியவில்லை. கீபோர்டு வாசித்தவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பத்தொரு வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். அவருடைய குச்சிகளை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார், அறையில் இருக்கின்றன. ஆகவே என் அறையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: வராது.

அவர் நல்ல மனிதரா?

வீட்டில் அன்பான தந்தை, ஹியர்ஃபோர்டு மாடுகள் வளர்த்த பண்ணைக்காரர். குடித்தபோது வேறு ஆள். 1977 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் கச்சேரி ஏற்பாட்டாளரின் பணியாளர்களைத் தாக்கியதில் மேலாளர் கிராண்டோடு இவரும் சேர்ந்திருந்தார். வழக்கு நடந்து, அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் கிடைத்தன. வாசிப்பை வணங்குவதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. படம் சுவரில் இருக்கிறது; பூஜை அறையில் இல்லை.

வேறு டிரம்மரை வைத்துக் குழு ஏன் தொடரவில்லை?

1980 டிசம்பர் 4 அன்று, தங்களால் முன்போல் தொடர முடியாது என்று அறிவித்தார்கள். பணம், புகழ், காத்திருந்த மேடைகள் எல்லாம் இருந்தும் நிறுத்தினார்கள். எனக்கு இது ஒரு டிரம்மருக்குக் கிடைத்த மிகப்பெரிய மரியாதையாகப் படுகிறது. பாடகர் போனால் குழு கலைவதைப் பார்த்திருக்கிறோம், தாளக்காரர் போனதற்காகக் கலைந்தது அரிது. தந்தை இறந்தபோது 14 வயதான மகன் ஜேசனும் டிரம்மர் ஆனார். 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் மூவரும் மீண்டும் ஒரே ஓர் இரவு முழுக் கச்சேரி செய்தபோது, டிரம்ஸில் அமர்ந்தவர் ஜேசன்.

வேலூரில் ஹார்ட் ராக் வாசித்துப் பிழைக்க முடியுமா?

ஹார்ட் ராக் மட்டும் வாசித்து முடியாது. விஐடியின் ரிவியேரா போன்ற கல்லூரி விழாக்களில் மேடை கிடைக்கும். அது வருமானம் ஆகாது. தேவாலயம், கல்யாணக் கச்சேரி, வகுப்பு, சென்னையில் எப்போதாவது ஒலிப்பதிவு என்று சேர்த்துத்தான் இங்கே ஒரு டிரம்மரின் மாதம் நடக்கிறது. கையில் வேறு தொழில் இருப்பது இழுக்கன்று. கல்யாணக் கச்சேரியில் வாசிக்கும்போதும் ஸ்னேரைப் பின்னால் சாய்த்து வைக்கலாம். பெண்ணின் மாமா அதைக் கவனிக்க மாட்டார், பேஸ் கிட்டார் வாசிப்பவர் கவனிப்பார்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

ரப்பர் அட்டையில் பழகுங்கள். கிடைக்காவிட்டால் தடித்த தொலைபேசிப் புத்தகமோ மடித்த ஜமுக்காளமோ போதும். உண்மையான டிரம்ஸில் வாசிக்கும்போது காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் பாதுகாப்பாக இருக்கக்கூடியது கால்மணி நேரம். சிறிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் தொடும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயிலுக்குத் தோலின் சுதி காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும். ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டுத் திருகிச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.

எந்தப் பாடலில் தொடங்கலாம்?

‘வென் த லெவி பிரேக்ஸ்’. மெதுவானது, கை கால் எங்கே விழுகிறது என்பது தெரியும். பிறகு 1979-இல் வந்த ‘ஃபூல் இன் த ரெயின்’. அந்த ஷஃபிள் நடை வந்துவிட்டால் கை இளகிவிடும். ‘குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்’ கடைசியில்.

பம்பைக்காரர்களுக்கு இவரைப் போட்டுக் காட்டியதுண்டா?

ஒருமுறை. குடியாத்தத்தில் திருவிழா முடிந்த மறுநாள், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பம்பைக்காரரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் கைப்பேசியில் லெவி பாடலின் தொடக்கத்தைப் போட்டேன். பெயரையோ நாட்டையோ சொல்லவில்லை. ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“இன்னாபா இது, கெணத்துக்குள்ள எறங்கி அடிச்சிகினு கீறாரா?” என்றார்.

மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தார் ஐயா, மைக்கை மேலே தொங்கவிட்டார்கள் என்றேன்.

“அதான். அவுரு சத்தம் மேல போய்ட்டு வர்றதுக்கு நின்னு நின்னு அடிக்கிறாரு. இன்னொரு வாட்டி போடு.”

அன்று மாலைக்குள் நான்கு முறை போட்டேன். நான்காவது முறை, திண்ணையின் ஓரத்தில் அவருடைய வலது விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. ஸ்னேர் விழும் இடத்தில், மயிரிழை தாமதமாக.